மூன்றாவது பொத்தான்

அன்பும், அக்கா சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும் என்ற எண்ணமும் ஓரளவுக்கு உள்ள என் ஒரே தம்பிக்கு,

உன் அக்கா ஆசீர்வாதத்தோடு தட்டச்சு செய்து அனுப்பும் கடிதம். இங்கே நானும் என் முழங்காலும் சுகம். அங்கே நீ, உன் மனைவி, உன் ரத்தக்கொதிப்பு மூவரும் அடங்கி ஒடுங்கி சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் நான் அனுப்பிய கடிதம் நாலு பக்கமும் வெறும் வெள்ளைத் தாளாக வந்து சேர்ந்தது என்றும், அக்காவுக்கு என்ன ஆயிற்றோ என்று நீங்கள் பயந்துபோனீர்கள் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிப்பனுக்குத்தான் ஆயிற்று. மை காய்ந்துபோன ரிப்பனில் நாலு பக்கம் தட்டித் தீர்த்திருக்கிறேன். காய்ந்துவிட்டது என்று இயந்திரமும் சொல்லவில்லை, உறையில் போட்டு ஒட்டித் தந்த கீழ்வீட்டு சைக்கிள் கடை அண்ணனும் சொல்லவில்லை. கேட்டால், "அடுத்தவங்க கடுதாசியப் பாக்கக் கூடாதுன்னு கண்ண மூடிக்கிட்டு மடிச்சேன் தங்கச்சி" என்கிறார். இந்த வீட்டில் கண்ணை மூடிக்கொள்ள ஒரு ஆள் போதாதா? உன்னைப் பற்றி நல்லதாக நான் எழுதியதெல்லாம் அந்த நாலு பக்கத்தில்தான் இருந்தது. அதைத் திரும்ப எழுத எனக்கு நேரமில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் என்றால் நீ என்னைப் பேச விடமாட்டாய். இன்றைக்கு நான்தான் பேசுவேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்துவிட்டேன். பார்வை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் மாத உதவித்தொகையை எனக்கு நிறுத்தினார்களே, அதைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி நேற்று முத்திரை குத்திய உத்தரவு வாங்கிவிட்டேன். ஆகவே இந்த மாடி வீட்டுக்கு வாடகை கொடுக்க வழி பிறந்துவிட்டது. ஆகவே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆகவே, நீ எனக்காக ஒழித்து வைத்து, சுண்ணாம்பு அடித்து, "ஒண்ணாம் தேதி வண்டியோட வரேன், பெட்டியக் கட்டி வை" என்று மிரட்டியிருந்த அந்தப் பின் அறைக்கு நான் வரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன் பாசத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது, உன் வீட்டு சோபாவின் மேல்தான் சந்தேகம். உன் மனைவி தங்கமான பெண். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை சாமான்களை இடம் மாற்றாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. போன வருஷம் பத்து நாள் வந்து தங்கினேன். முதல் நாள் கதவுக்குப் பக்கத்தில் இருந்த சோபா மூன்றாம் நாள் ஜன்னலுக்குப் போனது, ஐந்தாம் நாள் நடுக்கூடத்துக்கு வந்தது, ஏழாம் நாள் அது எங்கே இருக்கிறது என்பதை என் முழங்கால் கண்டுபிடித்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்களே, அதேதான். கண்ணைக் கட்டுகிற வேலை மட்டும் உங்களுக்கு மிச்சம். இங்கே பதினேழு படி, ஒன்பதாவது படியில் ஒரு விரிசல். கதவிலிருந்து அடுப்புக்கு ஆறு தப்படி, அடுப்பிலிருந்து கட்டிலுக்கு ஒன்பது. வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். இந்த வீட்டுக்குள் நான் யாரையும் எதையும் கேட்டு நடக்க வேண்டியதில்லை. அதை விட்டுவிட்டு வர நேருமோ என்று இரண்டு மாதம் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும், தம்பி. உன்னிடம் சொன்னால் மறுநாளே வண்டியோடு வந்து நிற்பாய் என்று வாயைத் திறக்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் ஜுரத்தில் கண் போன பிறகும் பெரிய ஆஸ்பத்திரி டெலிபோன் அறையில் இருபத்தாறு வருஷம் நான் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். நானூற்றுப் பன்னிரண்டு அறைகளின் எண்ணும் எனக்கு மனப்பாடம். பிறகு "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று பாடும் இயந்திரம் வந்தது, ஒரு மாலையைப் போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து உதவித்தொகைதான் வாடகை. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு அதிகாரி வீட்டுக்கு வருவார். பயனாளி உயிரோடு இருக்கிறாரா, கண் இன்னும் தெரியாமல்தான் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். வழக்கமாக வருகிறவர் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தத் தடவை வந்தவர் புதியவர். இனி இவரைப் பொத்தான் சார் என்றே எழுதுகிறேன், காரணம் பின்னால் வரும்.

விருந்தாளி வருகிறார் என்றால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். எனக்கு விளக்கு எதற்கு? ஆனால் பாவம், வருகிறவர்கள் இருட்டில் தட்டுத் தடுமாறக் கூடாது என்று எல்லா விளக்கையும் போட்டு வைத்தேன். காத்திருக்கும்போது சலிப்பாக இருக்கக் கூடாதே என்று சைக்கிள் கடை அண்ணனிடம் அன்றைய பேப்பரை வாங்கி மேசையில் விரித்தேன். பொத்தான் சார் மூச்சு வாங்க ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் வயிறு முன்னால் வந்ததோ என்னவோ, டிக் என்று ஒரு சத்தம். தரையில் ஏதோ ஓடி, அலமாரிக்கு அடியில் போய், இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அவர் "எங்க போச்சு, எங்க போச்சு" என்று நாற்காலியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நான் குனிந்து, அலமாரிக்கு அடியில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். "இந்தாங்க சார், உங்க பொத்தான்." காது என்று ஒன்றை எதற்குத்தான் வைத்திருக்கிறேன்? அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? "சட்டை என்ன நிறம் சார்?" என்று கேட்டேன். "வெள்ளைம்மா" என்றார். "கழட்டிக் குடுங்க, டீ ஆறுறதுக்குள்ள தச்சுத் தரேன்" என்றேன். என்னிடம் இருப்பது தலையில் பிளவு உள்ள ஊசி, நூலை மேலே வைத்து அழுத்தினால் தானாக உள்ளே போய்விடும். நூல் டப்பாவில் இடது ஓரம் வெள்ளை, அடுத்தது கறுப்பு, அதற்கடுத்தது நீலம், கடைசியில் மற்றவை. மூன்றே நிமிடம். "எங்க தையல்காரர்கூட இவ்வளவு நேர்த்தியாத் தைக்க மாட்டார்மா" என்று சொல்லி, மேலிருந்து மூன்றாவது பொத்தானைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கும் பெருமைதான். அன்றைக்கு முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவளும் முதலில் அப்படித்தான் முணுமுணுத்திருப்பாள்.

அதற்கு அடுத்த மாதம் பணம் வரவில்லை. ஏதோ தாமதம் என்று இருந்தேன். அதற்குள் அவர்கள் எனக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். பார்வை இல்லாதவர்களுக்கான அலுவலகம், தம்பி. பார்வை இல்லாதவர்களுக்கு மட்டுமேயான அலுவலகம். அது அனுப்பும் கடிதம் எப்படி இருக்கும்? பொடி எழுத்தில் அச்சடித்து இருக்கும். எனக்கு அதுவும் ஒன்றுதான், தள்ளுபடி விற்பனை நோட்டீசும் ஒன்றுதான். மழமழவென்று நல்ல தாளாக இருந்ததால் அலமாரியில் விரித்து மேலே சர்க்கரை டப்பாவை வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து டப்பாவை எடுக்க வந்த சைக்கிள் கடை அண்ணன்தான், "தங்கச்சி, இதுல முத்திரை இருக்கே" என்றார். அவர் படிப்பது சைக்கிளுக்குக் காற்று அடிப்பது போல. ஒரு வார்த்தை, ஒரு மூச்சு. "பயனாளியின்... வீட்டில்... விளக்குகள்... எரிந்துகொண்டிருந்தன. அன்றைய... செய்தித்தாள்... மேசைமீது... விரிந்திருந்தது. கீழே... விழுந்த... பொத்தானைப்... பயனாளி... தாமே... கண்டெடுத்து... ஊசியில்... நூல்... கோத்துத்... தைத்தார். எனவே... பயனாளிக்குப்... பார்வை... உள்ளது... எனக்... கருதி... உதவித்தொகை... நிறுத்தப்படுகிறது." படித்து முடித்துவிட்டு அவரே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டேதான் இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. டீ கொடுத்தேனே, அதைக்கூடக் குடித்துவிட்டுப் போனாரே என்று ஆத்திரம்தான் வந்தது.

அந்த அலுவலகத்துக்கு நாற்பத்தொரு தடவை டெலிபோன் செய்தேன். நாற்பத்தொரு தடவையும் மணி அடித்தது. எடுக்க ஆள் இல்லை. இருபத்தாறு வருஷம் நான் ஒரு மணியை மூன்றாவது தடவை அடிக்க விட்டதில்லை. கடைசியில் நேரில் போனேன். ஒரு எழுத்தர், "ஆஸ்பத்திரில குடுத்த பழைய சான்றிதழ் உங்க ஃபைல்ல இல்லம்மா, புதுசு வாங்கிட்டு வாங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால், "கண் நரம்பப் பாக்குற மெஷினுக்கு நாலு மாசம் கழிச்சு வாங்க" என்றார்கள். என் வாடகைக்கு நாலு மாதம் பொறுக்கத் தெரியாது. சைக்கிள் கடை அண்ணன் விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தார். தினமும் மாலையில் ஒரு பக்கம் அவர் காற்றடித்தார், நான் மனப்பாடம் செய்தேன். விதி ஒன்பதின்படி நேரடி விசாரணை கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு கேட்டேன். தேதி கொடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் நீ வருகிறாய். விசாரணை என்று உனக்கு ஒரு வரி எழுதியது என் தப்பு. மூன்றே நாளில் பார்சல். உள்ளே ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு வெள்ளைக் கோல், உன் கைப்பட ஒரு யோசனைப் பட்டியல். "அக்கா, நீ ரொம்ப நல்லா நடமாடற. அதான் சிக்கல். கையை முன்னால நீட்டிக்கிட்டு நட. வாசப்படில தடுக்கி விழற மாதிரி பண்ணு. எதிரே இருக்கறது மேசையா நாற்காலியான்னு தடவித் தடவிப் பாரு. பேசறவங்க பக்கம் திரும்பாம சுவத்தப் பாத்துப் பேசு." நாற்பத்தாறு வருஷமாகக் கண் தெரியாதவளுக்குக் கண் தெரியாமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க உனக்குத்தான் மனசு வரும். ஆனால் நானும் பயந்துபோயிருந்தேன். சரி, பார்க்கிறவர்கள் எப்படி நினைக்கிறார்களோ அப்படியே இருந்துவிட்டுப் போவோம் என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். சைக்கிள் கடை அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் தடுமாறணும் தங்கச்சி, இப்படி நேரா வந்தா எப்படி? தப்பாப் போ, தப்பாப் போ" என்று பயிற்சி கொடுத்தார். என் சொந்த வீட்டில், என் சொந்த மேசையில், வேண்டுமென்றே இடித்துக்கொள்ள எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

விசாரணை நாள். நீளமான அறை. ஃபேன் ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் கரக் என்றது. எதிரே மூன்று பேர். நடுவில் தலைமை அதிகாரி அம்மா, பக்கத்தில் ஒரு டாக்டர், ஓரத்தில் அதே எழுத்தர். பொத்தான் சார் தனியாக ஒரு நாற்காலியில். நான் உன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, உன் யோசனைப்படி வாசற்படியில் தடுக்கி உள்ளே நுழைந்தேன். தடுக்கியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. நாற்காலியைத் தடவிப் பார்க்கப் போய் டாக்டரின் முகத்தைத் தடவிவிட்டேன். மீசை. கையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தேன். அது சுவரில்லையாம், பீரோவாம். பிறகு உட்கார்ந்தேன், ஒரு அடுக்கு ஃபைல் மேல். டாக்டர் தொண்டையைச் செருமினார். "மேடம், கண் டாக்டர் லீவு. நான் எலும்பு டாக்டர். கண்ணப் பத்தி நான் சொல்லக் கூடாது. ஆனா நடையப் பத்தி எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துல கண் தெரியாதவங்க எத்தனையோ பேர் கால் காட்ட வந்திருக்காங்க. இந்த மாதிரி யாரும் நடந்து நான் பாத்ததில்ல. இது நடிப்பு." தம்பி, அந்த நிமிஷம் நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வெள்ளைக் கோல் எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்றால் இதுதான். உண்மையிலேயே கண் தெரியாதவள், கண் தெரியாத மாதிரி நடித்து மாட்டிக்கொண்டேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. படிக்கட்டில் அந்த ஒன்பதாவது படி விரிசல் ஞாபகம் வந்தது. இனி அது வேறு யாரோ மிதிக்கிற படி என்று நினைத்துக்கொண்டேன்.

தலைமை அதிகாரி அம்மா, "சரி, அறிக்கையப் படிங்க" என்றார். பொத்தான் சார் எழுந்து நின்று, தாளைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தார். அவர் கை சட்டையில் உரசுகிற சத்தத்தை வைத்தே எவ்வளவு தூரம் நீட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. விளக்கு, பேப்பர், பொத்தான், ஊசி, நூல். "தையல் மிக நேர்த்தியா இருந்தது மேடம். பார்வை இல்லாம இப்படித் தைக்கவே முடியாது. இதோ பாருங்க, இன்னிக்கு அதே சட்டைதான் போட்டிருக்கேன்." டையைத் தூக்கிக் காட்டினார் போலிருக்கிறது. டாக்டர் பக்கமிருந்து குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அது வந்தது. அடுத்தது எழுத்தர் இருமினார். பின்னால் கதவோரம் நின்றிருந்த நம் சைக்கிள் கடை அண்ணன் அடக்கமாட்டாமல் வாய்விட்டுச் சிரித்தேவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் தையலைப் பார்த்தா சிரிக்கிறார்கள்?

"அம்மா, சார் சட்டை என்ன நிறம்?" என்று தலைமை அதிகாரி அம்மா கேட்டார். "வெள்ளை. அவரே சொன்னாரு." "நீங்க தச்ச நூல்?" "வெள்ளை." "அம்மா, நூல் கிளிப்பச்சை." அவ்வளவுதான், எனக்கு வந்தது பார் கோபம். நடிப்பெல்லாம் எங்கே போயிற்றோ. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன், ஃபைல் அடுக்கிலிருந்து எழுந்தேன், அந்த அம்மாவின் குரல் வந்த பக்கம் நேராகத் திரும்பினேன். "இருக்கவே முடியாது மேடம்! என் டப்பால இடது ஓரம் வெள்ளை. நாப்பது வருஷமா இடது ஓரம் வெள்ளை. பச்சைங்கறதே கடைசி அறைலதான் இருக்கும். நான் வெள்ளைலதான் தச்சேன். இவங்க யாரோ மாத்தித் தச்சிருக்காங்க!" "அம்மா, நல்லாப் பச்சையா இருக்கும்மா." "வெள்ளை!" "பச்சைம்மா." "உங்க கண்ணக் காட்டுங்க டாக்டர்கிட்ட!" என்று அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கையில் கிடைத்த ஒரே சாட்சியை, அது தப்பு தப்பு என்று நானே அடித்துத் துரத்திக்கொண்டிருக்கிறேன். சண்டையின் நடுவில்தான், "டப்பாவ யாராவது தொட்டாங்களா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. போன கோடையில் இரண்டு நாள் வந்து தங்கியபோது, "அண்ணி, உங்க நூல் டப்பா ஒரே குப்பையா இருக்கு, நான் அழகா அடுக்கித் தரேன்" என்று யாரோ ஒருத்தி சொன்னாளே, யார் அது? "என் தம்பி பொண்டாட்டி" என்றேன்.

"வெள்ளைச் சட்டையில கிளிப்பச்ச நூலத் தச்சுட்டு, அது வெள்ளைதான்னு என்கூடவே பத்து நிமிஷம் சண்ட போடறவங்களுக்குப் பார்வை இருக்குன்னு நான் எழுத முடியாது" என்றார் தலைமை அதிகாரி அம்மா. டாக்டர், "நடக்கறப்ப நம்பல மேடம். சண்ட போடறப்ப நம்பிட்டேன்" என்றார். அப்புறம் அந்த அம்மா பொத்தான் சார் பக்கம் திரும்பினார். "ஏன் சார், மூணு மாசமா இந்தச் சட்டையப் போட்டுட்டு ஆபீஸுக்கு வரீங்க. தினமும் உங்க கையாலதானே பொத்தான் போடறீங்க. உங்களுக்கு இது தெரியலையா?" அவர் மிகச் சின்னக் குரலில், "எனக்கு வெள்ளெழுத்து மேடம். நாலு வருஷமா. கிட்ட இருக்கறது மங்கல். கண்ணாடி போட்டா வயசு தெரியும்னு..." என்று இழுத்தார். ஆக, பார்வை இருப்பவர் என்று எழுதியவருக்குப் பார்வை சரியில்லை. நடிக்கிறவர்கள் பட்டியலில் நான் ஒருத்தி மட்டுமல்ல என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, "கழட்டிக் குடுங்க சார், வெள்ளைலயே மாத்தித் தச்சுத் தரேன்" என்றேன். "வேணாம்மா, இப்படியே இருக்கட்டும். இனிமே எழுதறதுக்கு முன்னால ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனுஷன்தான். டீயை நான் மன்னித்துவிட்டேன்.

உத்தரவைத் தட்டச்சு செய்ய எழுத்தர் பக்கத்து அறைக்குப் போனார். நானும் சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போது இங்கே அவர் உட்கார்ந்திருந்த மேசையில் டெலிபோன் அடித்தது. ஒன்று. இரண்டு. யாரும் அசையவில்லை. அந்த மணியை மறுமுனையில் நாற்பத்தொரு தடவை கேட்டவள் நான். இந்தப் பக்கம் அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். மூன்றாவது மணிக்கு என் உடம்பு என்னைக் கேட்காமல் எழுந்துவிட்டது. கையை நீட்டாமல், தடவாமல், மணியை வைத்து நேராகப் போய் எடுத்துவிட்டேன். "வணக்கம், உதவித்தொகை அலுவலகம், சொல்லுங்க." எதிர்ப்பக்கம் ஒரு பெரியவர் மூச்சே நின்றுபோய், "எடுத்துட்டாங்க, எடுத்துட்டாங்க" என்று வீட்டில் யாரிடமோ கத்துகிறார். மகளுக்குப் பார்வை போய்விட்டதாம், என்னென்ன தாள் வேண்டும் என்று தெரியவில்லையாம், ஆறு மாதமாகக் கூப்பிடுகிறாராம். விதி மூன்று, ஏழு தாள், எந்த ஜன்னலில் எந்தக் கிழமை கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்து வைத்தேன். வைத்த பிறகுதான் நான் நிற்கும் இடம் நினைவுக்கு வந்தது. அறையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். இப்போதுதானே பார்வை இல்லை என்று தீர்ப்பு வாங்கினேன், அதற்குள் நேராக நடந்து தொலைத்தேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். தலைமை அதிகாரி அம்மா, "உங்களுக்கு அந்த ஏழு தாளும் மனப்பாடமா?" என்று மட்டும் கேட்டார். "முப்பத்தெட்டு விதியும்" என்றேன். உத்தரவு வந்தது. முத்திரை விழுந்த சத்தத்தை என் காதால் கேட்டேன். அதைவிட நல்ல சங்கீதம் நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து பதினேழு படியையும் ஒவ்வொன்றாக மிதித்து ஏறினேன். ஒன்பதாவதில் நின்று, அந்த விரிசலைக் காலால் தடவிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான், உடனே வண்டியைக் கிளப்பாதே.

ஆகவே, தம்பி, உன் கறுப்புக் கண்ணாடியையும் வெள்ளைக் கோலையும் தனியே திருப்பி அனுப்புகிறேன். ராத்திரியில் உன் வீட்டில் சோபாவைத் தேட உனக்குப் பயன்படும். உன் மனைவியிடம் சொல். ஒரு நாத்தனார் தம்பி மனைவியின் கையைப் பாராட்டி எழுதுவது உலகத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும், ஆகவே இதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொள்ளட்டும். அவள் அந்த டப்பாவைத் தொடாமல் இருந்திருந்தால் நூல் வெள்ளையாக இருந்திருக்கும், நான் உன் பின் அறையில் இருந்திருப்பேன். அவள் மகராசியாக இருக்கட்டும். அடுத்த தடவை வரும்போது மறுபடி டப்பா பக்கம் போகக் கூடாது. ஒரு தடவை போதும். பின் அறையை அவளிடமே கொடுத்துவிடு, சாமான் நகர்த்த இடம் வேண்டும் அல்லவா. நீ உப்பைக் குறை, கோபத்தைக் குறை, எனக்கு யோசனை எழுதுவதை அறவே விடு. நூறு வயது வாழ்க.

இப்படிக்கு,
அரசாங்கமே முத்திரை குத்தி ஒப்புக்கொண்ட, பார்வை இல்லாத,
உன் அக்கா

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன் என்று வாங்கிப் போன சைக்கிள் கடை அண்ணன் எட்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துச் சுற்றியிருக்கிறார். நல்லதாகப் போயிற்று. திரும்ப வாங்கி இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியதெல்லாம் ரத்து. உதவித்தொகை மறுபடி நின்றுவிட்டது. வண்டியைக் கிளப்பாதே, மிச்சத்தையும் படி. விசாரணைக்கு மறுநாள் தலைமை அதிகாரி அம்மா ஆள் அனுப்பினார். அந்த டெலிபோனை எடுக்கும் வேலை நாலு வருஷமாகக் காலியாம். திங்கட்கிழமையிலிருந்து அந்த நாற்காலியில் நான். சம்பளம் வாங்குகிறவருக்கு உதவித்தொகை கிடையாது என்பது விதி பதினொன்று, அதை நான்தான் அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். வாடகை போக இனி மிச்சமும் இருக்கும். சேர்ந்த உடனே ஒரு சண்டை போட்டு, இனி எந்த உத்தரவானாலும் பயனாளிக்கு டெலிபோனில் சொல்லிவிட்டுத்தான் தாள் அனுப்ப வேண்டும் என்று ஆக்கினேன். நேற்று அதன்படி முதல் பட்டியல் வந்தது, உதவித்தொகை நிறுத்தப்பட்டவர்கள். பொத்தான் சார் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் பெயரிலேயே நின்றுவிட்டார். "உங்க பேரும்மா" என்றார். "சொல்லியாச்சுன்னு குறிச்சுக்குங்க சார்" என்றேன். "பயனாளி என்ன சொன்னாங்கன்னு பக்கத்துல ஒரு கட்டம் இருக்கும்மா. அதுல என்ன எழுதறது?"

"சிரிச்சாங்கன்னு எழுதுங்க சார்" என்றேன். அதற்குள் மணி அடித்தது, எடுக்கப் போய்விட்டேன்.